சபையிலே வாசிக்கத்தக்க சில நூல்கள்

கிறிஸ்தவ அன்பர் சிலர் அண்மைக் காலத்தில் என்னைக் காணுந்தோறும் ஒரு வினாவை வினாவி வருகின்றனர். ஆன்ம வளர்ச்சிக்கும் திருச்சபை வாழ்வுக்கும் உதவத்தக்க நூல்கள் எவை, அவற்றுள் தமிழிலே படிக்கத்தக்கன எவை என்பதே அவ்வினா. வினாவியவருள் ஒருவர் பிராசீன பாடசாலையில் என்னிடம் நன்னூலும் கம்பராமாயணமும் பாடங் கேட்டவர். இன்று குருவானவராய் விளங்குபவர். அவருடைய சபையார் ஆலயத்தை அடுத்துள்ள சிறு மண்டபத்திலே ஓர் அலுமாரி வைத்து, அதனை நூல்களால் நிரப்ப எண்ணியிருக்கின்றனர். கையிலுள்ள பணமோ சிறிது. ஆதலின் எவற்றை வாங்குவது என்பதிலும் எவற்றை விடுவது என்பதே அவர்க்குப் பெரிய வினாவாயிற்று.

சைவனாகிய உமக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பாரும் உளர். தமிழ் கற்றவன் தமிழில் எழுந்த நூல்களைப் பற்றிப் பேசுதற்கு எவரிடமும் அநுமதி பெறவேண்டுவதில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத் தமிழாக்கத்திலே உழைத்தவர். அத்தமிழாக்கம் 1850ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பணி நாவலருடைய சைவத்தை ஓர் அணுவளவும் குறைக்கவில்லை. அவருடைய வசன நடைக்கு அஃது உரமிட்டது என்று கருதுவாரும் உண்டு. அவ்வளவு பெரியார் செய்தற்குக் கூசாத காரியத்தை நான் செய்தற்குக் கூச வேண்டியதில்லை.

ஆலயங்களிலுள்ள நூற்சேர்க்கைகள் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதுண்டு. பெரும்பாலானவை பிறநாட்டு நூல்களின் அவசர மொழிபெயர்ப்புக்கள். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி, பொருள் பெருக்குவது எப்படி, தலைவனாவது எப்படி என்பன அவற்றின் பொருள். அட்டை பளபளப்பாக இருக்கின்றது. வாக்கியமோ முடவன் நடைபோல் இருக்கின்றது. எழுவாயைக் கண்டவன் பயனிலையைத் தேடிப் பக்கத்தின் அடிவரை இறங்க வேண்டும். இவற்றை உரக்க வாசிக்க இயலாது. வாசித்தாலும் கேட்பவர்க்குப் பொருள் புலப்படாது. ஆகவே குருவானவர்க்கு நான் முதலிற் சொன்ன விதி இதுதான்: எந்த நூலையும் வாங்குமுன் அதன் ஒரு பக்கத்தை வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் கேட்க உரக்க வாசித்துப் பாருங்கள். அவர் தலையசைத்தால் வாங்குங்கள். அவர் உறங்கினால் நூலைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்விதி விளையாட்டாகச் சொல்லப்பட்டதன்று. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கிறிஸ்தவ சபை நூலைக் கண்ணாற் படித்து வளர்ந்ததிலும் காதாற் கேட்டு வளர்ந்ததே மிகுதி. இந்திய மண்ணிலே தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்திலே பதிப்பிக்கப்பட்டது. அது பதினாறு பக்கங் கொண்ட சிறு மந்திர நூல். சபையார் ஒருங்கு கூடிச் சொல்லி மனனஞ் செய்வதற்கென்றே எழுந்தது. ஈழத்திலோ இக்கேள்வி வழக்கம் இதனிலும் ஆழமாக வேரூன்றியது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் காலத்திலே கத்தோலிக்கராயினோர் அதன்பின் குருவானவர் இன்றித் தவித்தனர். கத்தோலிக்க குருமார் நாட்டிலே இருத்தல் குற்றமாயிற்று. 1687இல் கோவையிலிருந்து யோசேப் வாஸ் முனிவர் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். (இங்கே கோவை என்றது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவை; கோயம்புத்தூரை அன்று.) இவரே 2015ஆம் ஆண்டில் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டவர். அவர்க்குப் பின் அந்நாட்டிலிருந்தே 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார். 1676இல் பிறந்த இவர் கொங்கணி பேசுங் குடியினர். தமிழையும் சிங்களத்தையும் வந்த இடத்திலே கற்று, இரு மொழியிலும் நூல்கள் எழுதினார். 1742இல் போலவத்தையிலே மறைந்தார்.

இவர் எழுதியதன் நோக்கத்தை உணர்ந்தாலன்றி அந்நூல்களின் அருமை விளங்காது. குருமார் சிலர், ஊர்கள் பல. ஓர் ஊருக்குக் குருவானவர் ஒருமுறை வந்து போனால் மறுமுறை வருவது எப்பொழுது என்று எவரும் அறியார். அவர் வராத ஞாயிறுகளிலே சபையைக் கூட்டி வைத்திருப்பது யார்? ஊர் மூப்பரும் அண்ணாவிமாருமே. அவர் கையில் இருப்பது எது? ஏட்டுச்சுவடி ஒன்று. குருவானவர் சொல்லவேண்டியதை அச்சுவடி சொல்லிற்று. ஆகவே கொன்சால்வேஸ் சுவாமியார் எழுதியவை நூலகத்துக்கென எழுதப்பட்டவை அல்ல. குருவின் இடத்திலே நின்று பேசுவதற்கென எழுதப்பட்டவை. அலுமாரியில் முதலிடம் பெறத்தக்கது அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இயேசுநாதரின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துக் கூறும் நூல் இது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தவக்காலத்திலே இதனை ஆலயத்தில் வாசித்தல் வழக்கம். வாசித்தல் என்பதிலும் ஓதுதல் என்பது பொருந்தும். அதற்கெனத் தனி இராகம் உண்டு. நடையோ வடசொற் கலப்பு மிக்கது. வாக்கியங்கள் நீண்டு செல்வன; விளிமேல் விளி அடுக்கி வருவன. தனியே அமர்ந்து கண்ணால் ஓட்டுபவர்க்கு இஃது அலுப்புத் தரும். ஆலயத்திலே விளக்கு ஒளி குறைந்திருக்க, ஒருவர் மூச்சு முடியுமிடத்தில் மற்றொருவர் எடுத்துத் தொடரக் கேட்பவர்க்கு அந்நீளமே பொருளாய் விளங்கும். துயரத்திலிருப்பவர் சுருங்கப் பேசுவதில்லை. சாவீட்டு ஒப்பாரியை அறிந்த தமிழ்ச் சனங்கள் இந்நடையை அந்நியமாகக் கொள்ளாமைக்குக் காரணம் அதுவே.

கரையோர ஆலயம் ஒன்றிலே பெரிய வியாழன் இரவு இதனைக் கேட்டிருக்கிறேன். ஓதிய நால்வருள் மிக இளையவர்க்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முடிந்தபின் அவர்களிடம், உங்களுக்குப் பின் யார் என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். மற்றொருவர், ‘‘புத்தகம் இருக்குது தானே, மாஸ்ரர்’’ என்றார். புத்தகம் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பக்கங்களிலே இராகம் அச்சிடப்படவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே உயர்த்துவது, எவ்விடத்திலே அடுத்தவர்க்கு விட்டுக் கொடுப்பது என்பன அந்நால்வரின் தொண்டையிலேயே உள்ளன. 1995இன் இடப்பெயர்விலும் அதற்குப் பின்னர் வந்த அலைச்சல்களிலும் சுவடிகளும் பழம் பதிப்புக்களும் எத்தனையோ வீடுகளில் விடப்பட்டன. நூல்களுக்கு நேர்ந்த அழிவை நாம் பலவிடத்தும் பேசுகிறோம். ஓதுவார் குறைந்து போவதை ஒருவரும் பேசுவதில்லை. ஆதலின் இந்நூலை வாங்கும் சபையார் ஓதத் தெரிந்த முதியவர் ஒருவரையும் தேடி அழைத்து, இளைஞர் நால்வரை அவரருகே இருத்த வேண்டும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் பெரிய வெள்ளி உட்பட ஏழு. பெரிய வாரத்துப் புதனும் வியாழனும் சேர ஒன்பது நாளாகும். ஒன்பது பிரசங்கத்துக்கும் நாள் கணக்குத் தானே வந்து பொருந்துகின்றது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாடுகளைப் பற்றிய அக்காலப் பிரசங்கங்கள் பொதுவாக யூத சனங்கள் அனைவர் மீதும் பழி சுமத்திக் கடுமொழி கூறுவன. அப்பழி தகாது என்பதை 1965இல் வத்திக்கான் சங்கமே வெளிப்படக் கூறிவிட்டது. அத்தகைய தொடர் வருமிடங்களை இன்று ஓதுவோர் விட்டு ஓதுதல் நன்று. பழைய நூலைப் போற்றுதல் வேறு. அதன் பிழையையும் சேர்த்துப் போற்றுதல் வேறு.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே புராண படனம் என ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். எழுத்தறியாத உழவரும் கச்சியப்பருடைய கருத்துக்களை மேற்கோளாக எடுத்தாண்டது இவ்வழக்கத்தினாலேயே. இம்முறையைக் கிறிஸ்தவ சபைகள் ஏன் கைக்கொள்ளலாகாது என்று பலகாலும் எண்ணியிருக்கிறேன். முழுவதும் புதிய காரியமும் அன்று. தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் பாடிய ‘சந்தியோகுமையோர் அம்மானை’ 1647இல், கிளாலியிலே கோயில் கொண்ட யாகப்பர் மீது எழுந்தது. அம்மானை என்னும் நூல்வகையே ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்பதற்கு உரியது.

புராண படன முறைக்கு மிகவும் ஏற்ற கிறிஸ்தவ காவியம் எதுவென்று கேட்டால், தயங்காமல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்பேன். இங்கே சற்று விரித்துரைக்க வாசகர் இடந்தருக.

ஆங்கில நாட்டு யோன் பனியன் என்பவர் பழம் பாத்திரங்களைச் செப்பனிடுந் தொழிலினர். அரசின் அநுமதியின்றிப் பிரசங்கித்தார் எனப் பன்னிரண்டாண்டு சிறையிருந்தவர். அவர் எழுதிய பரதேசியின் பயணக் கதை 1678இல் வெளிவந்தது. தன் முதுகிலே பெருஞ்சுமை ஒன்றைச் சுமந்த ஒருவன், அழியப்போகும் நகரை விட்டு, உளையிலும் மலையிலும் சந்தையிலும் சிறையிலும் உழன்று, ஈற்றில் ஆற்றைக் கடந்து வான்நகர் சேர்வதே கதை. உரைநடைத் தமிழில் இது ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்கும். சிறுவர் பெரியவர் யாவரும் படிக்கத்தக்க அவ்வுரைநடை நூலும் அலுமாரியில் இருக்கட்டும்.

கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையிலே வைணவக் குடியிற் பிறந்து, கம்பனிலே ஊறி, சாயர்புரத்திலே தமிழாசிரியராய் அமர்ந்து, 1858இல் கிறிஸ்து மதம் புகுந்தவர். அவர் பனியனுடைய கதையை எடுத்து 3,766 செய்யுளாலான காவியமாக்கி 1894இல் வெளியிட்டார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவம் கொண்டது அது. மொழிபெயர்ப்பு என்று சொல்லி இதனை ஒதுக்குவாரை நான் அறிவேன். அவர் இரண்டு நூலையும் ஒருங்கு வைத்துப் பாராதவர்.

ஓரிடத்தை மட்டும் காட்டுகிறேன். பனியன் கதையிலே, சுமை சுமந்தவன் ஒரு மேட்டிலே நிற்குஞ் சிலுவையைக் காண்கிறான். கண்டவுடன் சுமை கழன்று உருண்டு கீழே கல்லறைக்குள் விழுகின்றது. சில வரிகளில் அச்செய்தி முடிந்துவிடுகின்றது. ஆங்கில வாசகர்க்கு அது போதும். சிலுவையில் நடந்தது யாதென்பதைத் தாய்மடியிலேயே கேட்டறிந்தவர் அவர். தமிழ்ச் சபையிலே புதிதாய் வந்தமர்ந்த ஒருவர்க்குச் சிலுவை என்பது இரண்டு மரத்துண்டு. அதனைக் கண்டவுடன் சுமை ஏன் விழ வேண்டும் என்று அவர் கேட்பார் அன்றோ? இதனை உணர்ந்த கிருஷ்ணபிள்ளை, குமார பருவத்திலே ‘இரட்சணிய சரித படலம்’ என ஒன்றை அமைத்து, கிறிஸ்துநாதர் பாடுபட்ட வரலாற்றை விரிவாகப் பாடினார். பனியனிடத்தில் இல்லாத பகுதி இது. கேட்போர் யாவர், அவர்க்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்து நூல் செய்தார் என்பதற்கு இஃதொன்றே சான்று. ஆசிரியத் தொழில் செய்வோர் யாவரும் இப்படலத்தை ஒருமுறையேனும் கற்க வேண்டும்.

மற்றொரு சிறப்பு, காவியத்தின் இடையிடையே அவர் அமைத்த தேவாரப் பகுதிகள். கதை சொல்லி வரும் விருத்தம் நின்று, உள்ளம் உருகிப் பாடும் பதிகம் தொடங்கும். புராண படனஞ் செய்வோர்க்கு இது பெரும் வசதி. கதையை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, பதிகம் வந்தவுடன் சபை முழுவதும் சேர்ந்து பாடலாம். தேவாரம் என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டது பற்றிச் சைவருள் முகஞ் சுளிப்பார் சிலர் இருக்கலாம். நான் சுளிக்கவில்லை, இரவல் பெறத்தக்க பொருளைத்தான் ஒருவன் இரவல் கேட்பான்.

இக்காவியம் கடினம் என்பது மெய். பதவுரை இன்றி இளைஞர்க்கு விளங்காத செய்யுள் பல. கிழமைக்கு இருபது செய்யுளாக வாசித்தால் முடிவதற்கு மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேலாகும். கந்தபுராணத்தை ஆண்டுகள் தோறும் படித்த ஊர்களுக்கு இந்தக் கால அளவு பெரிதன்று. அவ்வளவு பொறுமை இல்லாத சபையார் இரட்சணிய சரித படலத்தையும், நிதானி என்பான் உயிர் துறக்கும் பகுதியையும் மட்டுமாவது எடுத்துக்கொள்க. பயன் சொல்லுதற்குத் தமிழ் கற்றவர் ஒருவர் வேண்டும். அவர் கிறிஸ்தவராய் இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை.

‘தேம்பாவணி’யைப் பற்றித் தமிழ் மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக்கி மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 செய்யுளிற் பாடிய பெருங்காப்பியம். இதனை அலுமாரிக்கு நான் பரிந்துரைக்கிறேன். ஆயினும் சபையிலே தொடர்ந்து வாசித்தற்குப் பரிந்துரையேன். அது புலவர்க்கு விருந்து. பொதுச்சபைக்குச் சிறிது கனத்த உணவு. அவரே எழுதிய உரைநடை நூலாகிய ‘வேதியர் ஒழுக்கம்’ ஒன்றுண்டு. தேம்பாவணியின் புகழ் அதனை மறைத்துவிட்டது. குருமாருக்குத் துணையாய் ஊர்தோறும் சென்று உபதேசஞ் செய்த வேதியர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதே அதன் பொருள். பிறர்க்கு உபதேசிப்பவன் தன் உள்ளத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்னும் கேள்வி அந்நாள் வேதியருக்கு மட்டும் உரியதன்று. ஞாயிறு பாடசாலை ஆசிரியர், சபைக் காரியதரிசி, பாடற்குழுத் தலைவர் முதலியோர் தங்களுக்கென எழுதப்பட்டதாகவே இதனைக் கொள்ளலாம். சதுரகராதி செய்த கை எளிய வசனத்தை எப்படி எழுதிற்று என்பதை அறிய விரும்பும் மாணவர்க்கும் இது நல்ல பாடம்.

இதுகாறும் கூடிக் கேட்கும் நூல்களைக் கூறினேன். தனியே இருந்து வாசிக்கும் நூல் வேண்டாவோ எனின், வேண்டும். அவ்வகையிலே கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் வேறுபாடின்றிப் போற்றும் ஒன்று, தமிழிலே ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என வழங்குவது. கெம்பிஸ் ஊர்த் தோமாஸ் என்னுந் துறவி பதினைந்தாம் நூற்றாண்டிலே இலத்தீனில் எழுதியது. ஒல்லாந்து நாட்டு மடமொன்றிலே நீண்டகாலம் ஏடு பெயர்த்தெழுதி வாழ்ந்து 1471இல் மறைந்தவர் அவர். நான்கு பகுதியும் 114 அதிகாரமும் உடையது இந்நூல். நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால் ஓராண்டிலே மும்முறை முடிக்கலாம். அதிகாரம் ஒவ்வொன்றும் சிறிது. கருத்தோ விழுங்குதற்கு முன் பன்முறை மெல்ல வேண்டியது. தற்பெருமையின் மறைவிடங்களை இவர்போல் துருவிக் கண்டவர் சிலரே.

ஆயினும் இந்நூலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கல்வியைப் பற்றி இவர் பேசும்போதெல்லாம் ஐயத்தோடு பேசுகிறார். நுண்ணறிவினால் ஆவது யாது, தாழ்மையே வேண்டும் என்பது இவருடைய ஓயாத பல்லவி. மடத்திலே படித்துப் படித்துச் செருக்கடைந்த துறவியர்க்கு அம்மருந்து தக்கது. பாடசாலையை இடைநடுவில் விட்டுவிட நினைக்கும் மாணவனுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் நோய் பெருகும். வாலிபர் சங்கத்தில் இதனை வாசிக்கும்போது இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லுதல் குருவானவரின் கடமை. உலகத்தை விட்டு விலகுமாறு அவர் கூறும் அறிவுரைகளையும், நான்கு பிள்ளைகளை வளர்க்கும் தாய் அவ்வாறே பின்பற்ற இயலாது.

அந்தத் தாய்க்கு ஏற்றது வேறொரு சிறுநூல். பதினேழாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்துக் கர்மேல் மடமொன்றில் லோரன்சு என்னுஞ் சகோதரர் இருந்தார். போர்வீரராய் இருந்து காலிற் காயம்பட்டவர். மடத்திலே அவர்க்குக் கிடைத்த வேலை சமையல். பின்னர்ச் செருப்புத் தைத்தல். அடுப்படியிலே பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் இறைவன் முன்னிலையில் நிற்பதாகவே எண்ணிப் பழகினார். 1691இல் அவர் இறந்தபின், அவரோடு நடந்த உரையாடல்களையும் அவர் எழுதிய கடிதங்களையும் குருவானவர் ஒருவர் தொகுத்து வெளியிட்டார். ஒரே இருக்கையிற் படித்து முடிக்கக்கூடிய அளவினது. சமையலை இழிவென்றோ செபத்துக்குத் தடையென்றோ கருதாத ஒருவர் பேசுகின்றார் என்பதே இதன் தனிச்சிறப்பு.

சபை வாழ்வு என்பது பற்றி நேரே பேசும் நூலொன்றைக் கூறாது விடுதல் தகாது. அது ஜேர்மனி தேசத்து டீற்றிக் பொன்கொபர் எழுதியது, ‘கூடிவாழ்தல்’ எனப் பொருள்படும் பெயருடையது, 1939இல் வெளிவந்தது. நாசி ஆட்சிக்கு இணங்காத திருச்சபையினர் பின்கென்வால்டு என்னுமிடத்திலே இரகசியமாய்க் குருமாணவரைப் பயிற்றி வந்தனர். அதற்குத் தலைவர் இவர். 1937இல் இரகசியப் பொலிசார் அதனை மூடிவிட்டனர். அங்கே ஒருங்கு உண்டு, ஒருங்கு செபித்து வாழ்ந்த அநுபவத்தையே பின்னர் இவர் நூலாக்கினார். 1945 ஏப்பிரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இந்நூலிலே என்னை நிறுத்தி எண்ணச் செய்த கருத்து ஒன்று. சபையொன்று எவ்வாறு இருக்கவேண்டும் என்று தன் மனத்திலே கனவு வரைந்துகொண்டு வருபவன், மெய்யாக உள்ள சபையைக் குலைப்பவனாகிறான் என்கிறார். அவனுடைய எண்ணம் எத்துணை நல்லதாயினும் விளைவு அதுவே. கனவுக்கு ஒவ்வாத மனிதரை அவன் வெறுக்கத் தொடங்குகின்றான். ஈற்றில் தன்னையும் வெறுக்கின்றான். கிறிஸ்தவ சபைக்கு மாத்திரமா இது பொருந்தும்? எங்களூர்ச் சனசமூக நிலையங்களுக்கும் கோயிற் பரிபாலன சபைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதனை அச்சடித்து ஒட்டலாம். பிறர் பேசுவதைப் பொறுமையாய்க் கேட்டல் ஒருவர்க்கொருவர் செய்யவேண்டிய முதற்பணி என்றும் அவர் கூறுகின்றார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த சபையினர் இந்நூலை வாங்கிக் கூட்டாகப் படித்து, தமிழிலே பொருளை எடுத்துரைப்பது நலம். யாழ்ப்பாணத்தவராகிய டி. ரி. நைல்ஸ் போதகர் (1908–1970) வேதாகமத்தை இக்காலத்தில் எவ்வாறு வாசிப்பது என்பதுபற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலையும் அவ்வாறே பயன்படுத்தலாம்.

வேதாகமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மொழிபெயர்ப்பின் ஓசைக்குப் பழகிய காதினர் புதியதை விரும்புவதில்லை. கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் ஒருங்கு முயன்று 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ பொருள் தெளிவுடையது. அலுமாரியில் இரண்டும் இருக்கட்டும். ஒரே அதிகாரத்தை இரண்டிலும் வாசிக்கும் மாணவன் இலக்கணம் பற்றி ஒரு மாதத்திற் கற்பதை ஒரு மாலையிற் கற்பான்.

இறுதியாக வாலிபருக்கு. அவர்களை இருத்தி வைத்து வாசிக்கச் செய்தல் அரிது என்று குருவானவர் குறைப்பட்டார். அவர்களுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைக் கொடுக்கலாம். 1800இல் இயற்றப்பட்டது. குறவஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வரும் பந்தாட்டமும் உலாவும் காதலும் இங்கே வேறு கோலம் கொள்கின்றன. தலைவி சீயோனின் மகளாகிய திருச்சபை. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசம். இது நடிப்பதற்கு எழுந்த நூல். நத்தார் காலத்துக்கு இரண்டு திங்கள் முன்னதாகவே ஒத்திகை தொடங்க வேண்டும். மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். குறத்தி பாத்திரத்துக்கு நல்ல குரலுடைய பிள்ளையைத் தெரிவு செய்க. முழுவதையும் ஆடுதற்கு நேரம் போதாதெனில், குறத்தி வந்து தன் நாட்டு வளம் கூறுவது தொடங்கிக் குறி சொல்லி முடிப்பது வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும்.